வண்டியில் என்ன இருந்தது

1

ஒன்பது நாளாக எங்கள் சமையலறை மேசையில் ஒரு கடிதம் கிடக்கிறது. அனுப்பியது ஐந்தோவன் நகராட்சி. நெதர்லாந்தின் தெற்குப் பக்கம் இருக்கும் இந்த ஊருக்கு நான் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இருந்தும் அரசாங்க முத்திரையோடு ஓர் உறை வந்தால் இன்றைக்கும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பிரிப்பேன்.

விஷயம் சின்னது. நூலகத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த என் சைக்கிளை, உதிர்ந்த இலை கூட்டுகிற நகராட்சி வண்டி பின்னால் வரும்போது இடித்துவிட்டது. பின் சக்கரம் வளைந்துபோயிற்று. ஓட்டியவர் சீட்டில் ஒரு துண்டுக் காகிதம் எழுதிச் செருகிவிட்டுப் போயிருந்தார். பழைய சைக்கிள்தானே, போனால் போகிறது என்று உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பதினைந்து வயது மகள் இனியாதான் விடவில்லை. செல்போனில் நகராட்சியின் பக்கத்தைத் திறந்து, அந்தத் துண்டுக் காகிதத்தைப் படம் பிடித்துப் போட்டு, இரண்டு நிமிடத்தில் புகாரை முடித்தாள்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. அலுவலக டச்சு என்றால் எனக்கு இன்னும் இனியாதான் துணை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே படித்துத் தமிழில் சொன்னாள். வண்டி எங்களுடையது. ஓட்டியவர் எங்கள் ஊழியர். கவனக்குறைவு எங்கள் பக்கம். இழப்புக்கு நாங்கள் பொறுப்பு, வருந்துகிறோம். கீழே ஒரு படிவம் இருந்தது. செலவை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

அந்த நான்கு வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது, "அம்மா, உனக்குப் புரியலையா, இல்ல ரொம்ப சந்தோஷமா?" என்றாள். இரண்டும் இல்லை.

அடுத்த வாரம் என் தம்பி சேகரின் திதி. அவன் போய் ஆறு வருடம் ஆகிறது. அவனை இடித்ததும் அரசாங்க வண்டிதான், ராணுவ லாரி. "வண்டி எங்களுடையது, பொறுப்பு எங்களுடையது" என்று ஒரு வரி வாங்குவதற்கு என் அம்மா நான்கரை வருடம் திருச்சி கோர்ட்டில் படி ஏறி இறங்கினாள். என் ஓட்டை சைக்கிளுக்கு அது பன்னிரண்டு நாளில் வந்துவிட்டது.

இந்த ஊர் உசத்தி, நம் ஊர் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அப்படி எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய விவகாரம் என்றால் இங்கேயும் அரசாங்கம் இழுத்தடிக்கும். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட முடியாமல் நான் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் அரிசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நானும் சேகரும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். பட்டறைச் சங்கு ஊதினால் ஸ்கூலுக்குக் கிளம்புவோம். ஓய்வு பெற்ற பணத்தில் அப்பா ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் ஒரு சின்ன வீடு வாங்கினார். மூன்று வருடம் அதில் இருந்துவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு அந்த வீட்டில் அம்மாவும் சேகரும் மட்டும்தான். சேகர் தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தான். வயது முப்பத்து நான்கு. வருகிற ஜாதகத்துக்கெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்குக் கடை அரிசி ஆகாது. மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுக்கு நேராகப் போய்ச் சன்னமான பொன்னி வாங்க வேண்டும். அதுவும் போனவுடன் மூட்டை தூக்கிவிட முடியாது. முதலில் மாதிரிக்கு ஒரு கைப்பிடி வீட்டுக்கு வர வேண்டும். அதை வடித்துப் பார்த்து, சோறு குழையாமல் இருந்தால்தான் மறுநாள் மூட்டை. அப்பா மில்லில் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அவருக்குப் பிறகு அது சேகரின் வேலை ஆயிற்று. "உலகத்துலயே சட்டைப் பையில சோறு கொண்டு வர்ற குடும்பம் நம்மதான்" என்று போனில் என்னிடம் அலுத்துக்கொள்வான்.

அன்றைக்கு ஐப்பசி மழை, லேசான தூறல். "டூட்டிக்கு முன்னாடி போயிட்டு வந்துடு, மில்லு ஏழு மணிக்கெல்லாம் தொறந்துடுவாங்க" என்று அம்மாதான் அவனை எழுப்பி அனுப்பினாள். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. பக்கத்து வீடு, போலீஸ், வக்கீல், கோர்ட் எங்கே பேசினாலும் அவள் முதல் வாக்கியம் இதுதான்: நான்தான் அனுப்புனேன்.

காலை ஆறரை மணிக்கு, கொள்ளிடம் பாலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம், எதிரே வந்த ராணுவ லாரி ஒரு பஸ்ஸை முந்துவதற்காக, பைக்கில் போன அவன் பக்கம் ஏறி வந்தது. முன் சக்கரத்துக்குத் தப்பியவன் பின் சக்கரத்துக்குத் தப்பவில்லை. லாரி சாலையோரத் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. எதிரே இருந்த டீக்கடையிலிருந்து ஒருவர் எடுத்த வீடியோ இருக்கிறது. நான் அதை முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொன்னது, மழையில் மங்கலாக, தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு வண்டி, கீழே சேகர். வண்டிக்குள் என்ன இருந்தது என்று அதில் தெரியாது. அரை மணி நேரத்தில் இன்னொரு லாரி வந்து சரக்கை மாற்றி ஏற்றிக்கொண்டு, சாலையையும் கூட்டிக் கழுவிவிட்டுப் போய்விட்டது. போலீஸ் வந்து மகஜர் எழுதும்போது அங்கே நின்றது காலி வண்டி.

3

நான் மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தேன். போஸ்ட்மார்ட்டம் முடிந்த உடம்பை வைத்திருக்க முடியாது என்று நான் வருவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். கொள்ளி வைத்தது பெரியப்பா மகன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் அவன் உடுப்பு இருந்தது. யாரோ எரித்துவிடச் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு கைப்பிடி அரிசி இருந்தது. நனைந்து, கொஞ்சம் சிவந்து, கட்டியாக இருந்தது.

அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "மில்லுக்குப் போயிட்டுத்தான் வந்திருக்கான். நான் சொன்ன வேலையை முடிச்சுட்டுத்தான் போயிருக்கான்" என்று சொல்லி அழுதாள். மூன்று நாளில் அதுதான் அவளுடைய முதல் அழுகை என்று பெரியம்மா சொன்னார்.

அந்த அரிசியை ஏழு தண்ணீர் விட்டு அலசி, தட்டில் பரப்பி உலர்த்தி, ஒரு டம்ளரில் போட்டு மூடி வைத்தாள். பதினாறாம் நாள் காரியம் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் முடிந்து வீட்டுக்கு வந்ததும், அதைத் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் வடித்தாள். வடிக்கும்போது முணுமுணுத்துக்கொண்டாள். "பொன்னின்னு சொல்லி அனுப்புனேன். இப்படித் தடியா, மொத்த அரிசியா பாத்து எடுத்திருக்கானே. கண்ணை எங்க வச்சிருந்தான்?" செத்தவனை அவள் திட்டியது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மொட்டை மாடிச் சுவரில் இலை போட்டு அந்தச் சோற்றைக் காக்காய்க்கு வைத்தோம். உடனே வந்து தின்றுவிட்டன. மீதி இருந்த இரண்டு கவளத்தில் ஒன்றை அம்மா சாப்பிட்டாள். ஒன்றை எனக்குக் கொடுத்தாள்.

4

ராணுவ வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கிடையாது. அரசாங்கமே எதிர்தரப்பு. தில்லை நகரில் சேகர் வேலை பார்த்த தெருவிலேயே ஆபீஸ் வைத்திருந்த ரஹீமா என்ற வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். முதல் மனுதாரர் அம்மா, இரண்டாவது மனுதாரர் நான். நான் சும்மா பெயருக்குத்தான்.

எட்டு மாதம் கழித்து அரசாங்கத் தரப்பு பதில் மனு வந்தது. ரஹீமா அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். இறந்தவரே வேகமாக வந்து வண்டியில் மோதினார் என்று ஒரு பத்தி. அதற்கு அடுத்த பத்தி இன்னும் மோசம். வண்டி அந்த நேரத்தில் ராணுவப் பணியில் இருந்தது, நாட்டின் பாதுகாப்பு அரசின் இறையாண்மை சார்ந்த செயல், அந்தச் செயலின்போது நேர்ந்த எதற்கும் அரசு இழப்பீடு தரக் கடமைப்பட்டதில்லை.

வீடியோ காலில் ரஹீமா எங்கள் இருவருக்கும் விளக்கினார். "இது ரொம்பப் பழைய வாதம்மா. இப்ப எந்த ஜட்ஜும் இதைப் பெருசா எடுத்துக்கிறதில்ல. ஆனா எழுதி வச்சா வருஷக்கணக்கா இழுக்கலாம். ஒரு வண்டி நாட்டுக் காவலுக்குப் போச்சா, இல்ல சாதாரண வேலைக்குப் போச்சான்னு பிரிச்சுப் பாக்குறாங்க. அதனால வண்டியில என்ன இருந்துச்சுன்னு தெரியணும். துப்பாக்கி, குண்டுன்னா அவங்க பிடிச்சுக்குவாங்க. காய்கறி, மளிகைன்னா நம்ம பக்கம்."

"வண்டியில துப்பாக்கி இருந்திருந்தா, சேகர் செத்தது செத்ததா ஆகாதாம்மா?" என்று அம்மா கேட்டாள்.

ரஹீமா ஆவணங்களைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். பிறகு, "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்லேருந்து சொல்லுங்க" என்றார்.

அம்மா வழக்கமான வாக்கியத்தில் ஆரம்பித்தாள். நான்தான் அனுப்புனேன். மில்லுக்குப் போய் மாதிரி எடுத்துக்கிட்டு வரும்போது அடிச்சுட்டாங்க.

"வரும்போது இல்லம்மா. போகும்போது. அவர் பைக் கிடந்த பக்கத்தைப் பாருங்க. ஆறரைக்கு மில்லே தொறந்திருக்காது" என்றார் ரஹீமா.

"இல்லீங்க. சட்டைப் பையில அரிசி இருந்துச்சே."

ரஹீமா நிமிர்ந்தார். "எந்த அரிசி?"

அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவன் மில்லுக்குப் போகவே இல்லை. அந்த மொத்த அரிசி மில்லில் எடுத்தது இல்லை. வண்டியிலிருந்து அவன் மேல் கொட்டியது.

"அந்த அரிசி எங்கம்மா? பத்திரமா வச்சிருக்கீங்களா?" ரஹீமாவின் குரல் ஏறிவிட்டது.

"காக்காய்க்கு வச்சுட்டேங்க" என்றாள் அம்மா.

அந்தச் சாட்சியத்தில் ஒரு கவளம் என் வயிற்றுக்குள்ளும் போயிருந்தது.

5

இங்கே என் வேலை ஒரு சரக்குக் கிடங்கில். உள்ளே வரும் ஒவ்வொரு லாரியிலும் என்ன இருக்கிறது என்று கணினியில் ஏற்ற வேண்டும். தக்காளி, டயர், குழந்தைகளுக்கான நாற்காலி. தாள் இல்லாத வண்டியை வாசலிலேயே நிறுத்திவிடுவோம். பதில் மனு வந்த வாரத்தில் நான் ஒரு போலந்து டிரைவரிடம் தாளைக் கேட்டுக் கத்தியிருக்கிறேன். அவர் பாவம், கையில் வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.

தம்பி செத்த விஷயத்தை இங்கே யாரிடமும் நான் சரியாகச் சொன்னதில்லை. ஊரிலிருந்து திரும்பி வந்த முதல் நாள், கிடங்கில் உடன் வேலை பார்க்கும் பெண்ணிடம் என் டச்சில் "தம்பி போய்விட்டான்" என்றேன். நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். அவள், "அப்படியா, எப்போது திரும்புவான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். திருத்திச் சொல்லத் தெம்பு இல்லை. "தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு வருடம் கழித்தும் அவள் தம்பி வந்துவிட்டானா என்று ஒருமுறை விசாரித்தாள்.

இனியாவுக்குச் சேகர் மாமா என்றால் வீடியோ காலில் புருவத்தை ஆட்டிக் காட்டுகிற ஆள். அவ்வளவுதான். இந்த நாட்டில் மே மாதம் ஒரு நாள் சாயங்காலம் எட்டு மணிக்கு, போரில் செத்தவர்களுக்காக ஊரே இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும். அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது சதுக்கத்தில் என் பக்கத்தில் நின்றாள். முடிந்ததும், "மாமா ஆர்மியில இருந்தாரா?" என்று கேட்டாள். வீட்டில் அந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருந்ததால் அப்படி நினைத்துவிட்டாள். இல்லை, ஆர்மி வண்டி இடித்துச் செத்தார் என்றேன். "அப்ப ஆர்மிக்காரங்க அவருக்காக நிப்பாங்களா?" என்றாள்.

அதுக்குத்தான் பாட்டி கோர்ட்டுக்குப் போறாங்க என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன அதே மாதத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

வழக்கு மூன்றாம் வருடத்தில் இருந்தது. வண்டியின் பயணப் பதிவேட்டைக் கேட்டால், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஆவணம், தர முடியாது என்றார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போய், மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவாள். அந்தச் சமயத்தில் ஓர் அதிகாரி மேலூர் ரோட்டு வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சேகர் படத்தைக் கும்பிட்டாராம். வழக்கை வாபஸ் வாங்கினால் கருணைத் தொகை ஒன்று கொடுக்க ஏற்பாடு செய்யலாம் என்றார். இரண்டு மனுதாரர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா அந்தத் தாளை வீடியோவில் எனக்குக் காட்டினாள். "இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்தியா? பொறுப்பு எதுவும் ஏத்துக்காம, கருணையின் பேரில்னு போட்டிருக்கு. கருணையை யாரு கேட்டா?"

"போட்டா போட்டுட்டுப் போறாங்கம்மா. கேஸ் ஜெயிச்சா மட்டும் அவன் வரப் போறானா? இன்னும் எத்தனை வருஷம் அலைவே?"

"அலையறது நான்தானே."

"உன்னை நெனச்சு இங்க எனக்குத் தூக்கம் இல்லைம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். "அப்ப உனக்குத் தூக்கம் வரணும்னு கேஸை விடச் சொல்றியா?" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன். அவள் சொன்னது உண்மை என்பதுதான் கோபம். ஒவ்வொரு வாய்தாவுக்கு முந்தின நாளும், அவள் கீழே விழுந்துவிட்டால் யார் பார்ப்பார்கள், டிக்கெட் என்ன விலை, லீவு கிடைக்குமா என்றுதான் என் மண்டைக்குள் ஓடும். எனக்கு அது முடிய வேண்டியிருந்தது. எப்படி முடிந்தாலும் சரி.

மறு வாரம் லீவு போட்டு ரயில் ஏறி இந்தியத் தூதரகத்துக்குப் போனேன். பாஸ்போர்ட் நகல், இரண்டு போட்டோ, கட்டணம், டோக்கன், ஒன்றரை மணி நேரம். கவுன்டரில் இருந்தவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. இங்கே, இங்கே என்று பென்சிலால் காட்டினார். வழக்கைத் திரும்பப் பெற எனக்கு முழுச் சம்மதம் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்தது. அன்றைக்கே கூரியரில், சரோஜா என்று அம்மா பெயர் எழுதி அனுப்பிவிட்டேன். இனி அவளும் போட்டுவிடுவாள், நான் போட்டதைப் பார்த்தால் மனம் மாறிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

போய்ச் சேரவில்லை. கூரியர் கம்பெனியின் இணையப் பக்கம் "ஒப்படைக்கப்பட்டது" என்று காட்டியது. அம்மா வரவே இல்லை என்றாள். "ஸ்ரீரங்கத்துல எத்தனை சரோஜா இருக்காங்களோ, எவ வீட்டுல போட்டுட்டுப் போனானோ." நான் மூன்று நாள் கூரியர் ஆபீஸோடு மல்லுக்கட்டினேன். மறுபடி எடுக்க வேண்டுமென்றால் இன்னொரு லீவு, இன்னொரு டோக்கன். அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப் போட்டேன்.

அதற்குள் ராணுவ லாரியின் டிரைவர் வந்துவிட்டார்.

6

வண்டியை ஓட்டிய சிப்பாயைச் சாட்சியாக ரஹீமா கூப்பிட்டிருந்தார். அவரை வடக்கே எங்கேயோ மாற்றியிருந்தார்கள். இரண்டு தடவை வரவில்லை. மூன்றாவது தடவை வந்தார். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். இருபத்தாறு வயது இருக்கும். அவர் பெயரை எழுதப் போவதில்லை.

நான் அங்கே இல்லை. அன்று மத்தியானமே ரஹீமா போன் செய்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். முதலில் அரசாங்க வக்கீல் கேட்டதற்கெல்லாம் அவர் எழுதிக் கொடுத்ததைப் போலப் பதில் சொன்னாராம். பணியில் இருந்தேன். உத்தரவுப்படி சென்றேன். எதிரே வந்தவர் வேகமாக வந்தார். பிறகு ரஹீமா எழுந்திருக்கிறார்.

"வண்டியில என்ன இருந்துச்சு?"

அரசாங்க வக்கீல் ஆட்சேபம் சொன்னார். ராணுவ ரகசியம் என்றார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சொல்லுங்க தம்பி" என்றார்.

அம்மா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தாராம்.

"அரிசிங்க ஐயா. கேம்ப் மெஸ்ஸுக்கு ரேஷன் அரிசி."

"வேற ஏதாவது?"

"வேற எதுவும் இல்லீங்க. அரிசி மட்டும்தான். செவுத்துல உரசினதுல பின்னால கதவு தொறந்து ஒரு மூட்டை கிழிஞ்சு கொட்டிடுச்சு."

"எங்க கொட்டுச்சு?"

"அவரு மேலதாங்க" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "பஸ்ஸை முந்திக்கிட்டு நான்தான் ராங் சைடுல ஏறிட்டேன். அவரு அவரோட பக்கத்துலதான் வந்தாரு" என்றார்.

வெளியே வராந்தாவில் அம்மா தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தபோது அவர் வந்து இரண்டடி தள்ளி நின்றார். கூட வந்திருந்தவர்கள் ஜீப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாதான் பேசினாள்.

"என்ன அரிசி அது?"

அவர் முழித்தார். "இட்லி அரிசி மாதிரி மொத்தமா இருக்கும்மா."

"ஆமா. மொத்தமாத்தான் இருந்துச்சு" என்றாள் அம்மா. "பொன்னி வாங்கச் சொன்னா இதை எடுத்திருக்கானேன்னு அவனைத் திட்டிட்டேன்."

அந்தப் பையன் அழுததை ரஹீமா பார்த்திருக்கிறார். அவருக்கு அதற்குப் பிறகு வேலையில் என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா இரண்டு தடவை ரஹீமாவை விசாரிக்கச் சொன்னாள். யாரும் பதில் சொல்லவில்லை.

போனை வைத்த பிறகு கிடங்கின் கழிவறையில் நின்று, அந்தக் கூரியர் தொலைந்ததற்காக எல்லாச் சாமிக்கும் நன்றி சொன்னேன். பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருடம் அது என் ரகசிய அதிர்ஷ்டமாக இருந்தது.

7

தீர்ப்பு இங்கிலீஷில் வந்தது. அம்மாவுக்காக ரஹீமா வரி வரியாகத் தமிழில் சொன்னார். முகாமுக்கு அரிசி கொண்டுபோவது ஒரு வியாபாரியும் செய்கிற வேலைதான். அதற்கு இறையாண்மை தேவையில்லை. வண்டி அரசுடையது, ஓட்டியவர் அரசின் ஊழியர், அஜாக்கிரதை அவருடையது, ஆகவே அரசே பொறுப்பு. இறந்தவர் மீது எந்தத் தவறும் இல்லை.

கடைசி வரியை அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

அரசாங்கம் அப்பீல் போகவில்லை. தொகையைக் கட்டிவிட்டார்கள். அது எவ்வளவு என்று ஊரில் பலர் கேட்டார்கள். இங்கேயும் தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் கேட்டார். அவரோடு நான் இப்போது பேசுவதில்லை.

என்னை அரிப்பது வேறு. அம்மா அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு அந்தத் தீர்ப்பிலும் பதில் இல்லை. எங்களுக்கு அரிசி இருந்தது. வண்டியில் நிஜமாகவே துப்பாக்கி இருந்த வீடுகள் உண்டு. வண்டியே இல்லாமல், சிப்பாயின் கையிலிருந்தே குண்டு புறப்பட்டு வந்த வீடுகளும் நம் நாட்டில் உண்டு. அங்கேயும் ஒரு தாய் யாரையாவது எதற்காவது அனுப்பியிருப்பாள். அவளிடம் காட்டுவதற்கு ஒரு கைப்பிடி மொத்த அரிசிகூட இருக்காது. அவளை நினைத்தால் எங்கள் வெற்றி எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு சாவுக்கு யார் பொறுப்பு என்பதை அந்த லாரியின் சரக்கா தீர்மானிக்க வேண்டும்? அம்மா ஒரே வரியில் கேட்டுவிட்டாள். எனக்கு இன்னும் முழுதாகக் கேட்கக்கூட வரவில்லை.

8

போன சித்திரையில் இனியாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அவள் மாடியில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, "டிரம்முல ரெண்டு டம்ளர் அரிசி எடு" என்றாள்.

இப்போது அவள் கடை அரிசிதான் வாங்குகிறாள். மாதிரி பார்ப்பதில்லை. டிரம் பாதி காலி. அடியில் டம்ளரை விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. பிளாஸ்டிக் கவர். நம் வீடுகளில் பத்திரமும் நகையும் இருக்கிற இடம்தானே என்று எடுத்தேன்.

உள்ளே கூரியர் உறை இருந்தது. அதற்குள் தூதரக முத்திரை, என் போட்டோ, என் கையெழுத்து.

அம்மா திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி கீரையைக் கையில் எடுத்தாள்.

"வரலைன்னு சொன்னியேம்மா."

"வந்துச்சு. நீ அனுப்புன நாலாம் நாளே வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, நான் குடுக்க மாட்டேன்னு தெரிஞ்சு நேரா கோர்ட்டுக்கே ஒண்ணு அனுப்பியிருப்பே."

அது உண்மைதான். அனுப்பியிருப்பேன்.

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே. எதுக்கும்மா இதை வச்சிருக்கே?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உன் கையெழுத்தை நான் எப்படிக் கிழிப்பேன்? குப்பையில போட்டாலும் யாராவது எடுத்துப் படிப்பாங்க. ரஹீமாம்மாவுக்குக்கூடத் தெரியாது." ஆய்ந்த கீரையைத் தட்டில் போட்டுவிட்டு, சுவரில் இருந்த சேகர் படத்தைப் பார்த்தாள். படத்துக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல அவள் குரல் தாழ்ந்தது.

"கவர்மென்டு பொறுப்பு இல்லைன்னு சொன்னது அவனுக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது, அமுதா. அக்காவும் கையெழுத்துப் போட்டுட்டான்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்னுதான்."